பெண் பார்க்கப் போய் நான்கு முறை எழுந்தேன்

மகனுக்குப் பெண் பார்க்கக் கருமத்தம்பட்டி போயிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அடிக்கடி சிறுநீர் முட்டுவதும், போனால் சொட்டுச் சொட்டாக வருவதும் நான் இரண்டு வருடமாக மனைவியிடம்கூடச் சொல்லாத ரகசியம். அதனால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பயனில்லை.

பெண் காபி கொண்டுவந்தபோது எழுந்தேன். ஜாதகத்தை எடுத்தபோதும் எழுந்தேன். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போது பையனின் அப்பா எழுந்துபோனால், பிடிக்கவில்லை என்று அர்த்தம். நான்காம் முறை திரும்பி வந்தால், பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் என்னை முறைத்தான்.

பெண்ணின் அப்பா என்னை வாசலுக்கு அழைத்துப்போனார்.

"ஏனுங்க, புள்ளைய புடிக்கலீங்களா?"

"ஐயோ, அதில்லீங்க..." நெளிந்துகொண்டே உண்மையைச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதுதானுங்களா! எனக்கும் இருந்துச்சுங்க. புரோஸ்டேட் வீக்கம். வயசானா வர்றதுதான், கேன்சர் இல்லைன்னு டாக்டர் பாத்துச் சொன்னாருங்க. மாத்திரைலயே அடங்கிருச்சு. தண்ணி குடிக்காம மட்டும் இருந்துபோடாதீங்க."

மறுநாள் அவரே என்னைக் கோயமுத்தூர் டாக்டரிடம் கூட்டிப்போனார். எனக்கும் மாத்திரையே போதுமாம்.

மனைவியிடம் இரண்டு வருடம் மறைத்ததை, முன்பின் தெரியாதவரிடம் இரண்டு நிமிடத்தில் கொட்டியிருக்கிறேன். பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியர் இந்தப் பதினோராவதைச் சொல்லவேயில்லை.