நடுவழியில் கிடந்த செருப்பு

போன சனிக்கிழமை, ஊரார் முன்னால் என் மருமகளிடம் தோற்றேன்.

அபுதாபியில் ஒரு மியூசியம். தமிழ்க் குடும்பங்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்ல ஆள் தேடினார்கள். வாசுகிக்கு அன்று டிரயல். ஒரே ஒரு படம். கூட்டம் நின்று கேட்டால் வேலை... நழுவிப் போனால் கலாஸ், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மகன் விசாவில் வீட்டோடு இருப்பவள். இதுவும் இல்லையென்றால் இனி எதற்கும் அப்ளை பண்ண மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். நானும் கூட்டத்தோடு போய் நின்றேன்.

படம், அந்தக் காலத்து ஹாலந்துக்காரர் ஒருவர் வரைந்த வீட்டு உட்புறம். சாமி இல்லை, ராஜா இல்லை. ஆளே இல்லை! ஒரு கதவு, அதற்குள் இன்னொரு கதவு, அதற்கும் உள்ளே ஓர் அறை. சுவரில் சாத்திய துடைப்பம். பூட்டில் தொங்கும் சாவி. தரையில் ஒரு ஜோடி செருப்பு.

முன்னால் இருட்டு, நடுவில் மங்கல், கடைசி அறையில் வெயில். தரையிலிருக்கும் கட்டங்கள் நம் கண்ணை அந்த வெயில் வரைக்கும் கூட்டிப் போகின்றன என்றாள் வாசுகி. போய்த்தான் பார்த்தேன்... போகிறது! ஜன்னலைக் காட்டாமலே வெளிச்சத்தைக் காட்டியிருக்கிறார் மனிதர். நாமோ இங்கே வெயிலுக்குப் பயந்து ஜன்னலில் வெள்ளிப் பேப்பர் ஒட்டுகிறோம். வெயில் அரிதான ஊர்க்காரர், கிடைத்ததைச் சிந்தாமல் பிடித்து வைத்திருக்கிறார்.

அடுத்து, செருப்புக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று ஆரம்பித்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இதுல என்னம்மா அர்த்தம்? செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போயிருக்கா. வீட்டைச் சுத்தமா வச்சிருக்கிற பொம்பள."

முசஃபாவில் வெல்டிங் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், தங்கள் கேம்ப் ரூமிலும் அதுதான் ரூல் என்றார். ஒரே சிரிப்பு. அதோடு முடிந்தது என்று நினைத்து இரண்டு குடும்பம் அடுத்த ஹாலுக்கு நகர்ந்தது. ஓரத்தில் நின்ற சூப்பர்வைசர் லெபனான்காரி, தமிழ் தெரியாதவள், போகிறவர்களையே பார்த்தாள். நான் முந்தானையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வாசுகி பதறவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"அத்தை, இது வாசலா?"

இல்லை. நடுவழி.

"ரெண்டு செருப்பும் சேர்ந்து கிடக்கா?"

ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே.

"பெருக்குறத பாதியில விட்டுட்டு, சாவியையும் கதவுலயே விட்டுட்டு, நீங்க உள்ள போவீங்களா?"

"நான் ஏன் போறேன்?"

"இவ போயிருக்கா. அப்ப, உள்ள யாரு வந்திருப்பா?"

போனவர்கள் திரும்பி வந்தார்கள். எல்லோரும் அந்தக் கடைசி அறையை எட்டி எட்டிப் பார்க்கிறோம். ஆளை வரையாமலே ஒரு பெண்ணின் அவசரத்தை வரைந்துவிட்டாரே! வீட்டு வேலையை மறக்கடித்த ஆசை என்று அந்தச் செருப்புக்கு அர்த்தமாம். வெல்டிங் தம்பிக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

இந்த வயதில் நான் வாய்ப்பேச்சில் தோற்றது அன்றைக்குத்தான். நெஞ்சு நிறைந்துபோனது.

வேலை கிடைத்துவிட்டது. கூடவே அந்த லெபனான்காரி வாசுகியிடம் கேட்டாளாம் — எதிர்க்கேள்வி கேட்க நீ ஏற்பாடு பண்ணியிருந்த அந்த அம்மாவை வாராவாரம் கூட்டி வர முடியுமா?

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வாராவாரம் தோற்பேன் என்று சொல்லவில்லை.