ருக்மணியின் கைக்கு இரண்டு கட்டு

போன வாரம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வர்க்கியும் தைலமும் விற்கிற கடை. கடைக்காரர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். "எலும்பு கூடற பச்சிலைங்க. மலை ரகசியம். முறிவு, மூட்டுவலி, எல்லாத்துக்கும் கேக்கும்" என்றார். கசப்பும் ஈர மண்ணும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை. அவர் பாவம், என்னை டூரிஸ்ட் என்று நினைத்துவிட்டார்.

கோபத்தோடு என்ன செய்தேன் என்கிறீர்கள்? அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "வேண்டாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐம்பத்து மூன்று வயதாகியும் அந்த வார்த்தை எனக்கு வாயில் வருவதில்லை. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அஞ்சு வருஷமும் 'உள்ளேன் ஐயா' தவிர வேறு எதுவும் வகுப்பில் சத்தமாகச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்த வாடை எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். எஸ்டேட் டீ ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்தை மேல்மாடிக்குத் தூக்கி, வாடுவதற்குப் பரப்புகிற வேலை. அதுவும் நிரந்தரம் இல்லை, கூப்பிட்டால் போகிற வேலை. என் சம்சாரம் ருக்மணிதான் எஸ்டேட் ரிஜிஸ்டரில் பேர் உள்ளவள். கொழுந்து எடுப்பதில் அவளுக்கு முன்னால் நிற்க அந்த மலையில் ஆள் கிடையாது. நாங்கள் குடியிருந்த லைன் வீடும் அவள் பேரில் கிடைத்ததுதான். வீட்டோடு மாப்பிள்ளை என்று என்னைக் கேலி செய்வார்கள். நான் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். வேறென்ன செய்வது.

ஜூலை மாதம், சாரல் விடாமல் அடித்த ஒரு நாள், கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து எடை போடுகிற இடத்துக்கு இறங்கும்போது ருக்மணி வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கு அந்த ஆறு வாரத்தைவிட அதற்குப் பிறகு வருவதுதான் பயம். கை சரியாகாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். பேர் போனால் வீடு போகும். கீழே சொந்த ஊரான காரமடையில் எங்களுக்கென்று ஒரு ஓலைக் குடிசைகூடக் கிடையாது.

இங்கேதான் ராமையாண்ணன் உள்ளே வருகிறார். சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர், எங்கள் எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளை மட்டம் பண்ணிக் கவாத்து வெட்டுகிறவர். லைனை 'லயம்' என்பார், டீயைத் 'தேத்தண்ணி' என்பார். எலும்பு முறிவுக்குப் பச்சிலை கட்டுவதில் பேர் வாங்கியவர். அவர் கட்டிக் குணமான ஆடு, மாடு, மனுஷர் எல்லோரும் லைனில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். குணமாகாதவர்கள் எங்கே போனார்கள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

மாவுக்கட்டு போட்டுப் பத்து நாள் இருக்கும். மழை ஈரத்தில் அது நாற ஆரம்பித்திருந்தது. உள்ளே அரிக்கிறது என்று ருக்மணி தென்னங்குச்சியை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள். ராமையாண்ணன் வாசலில் நின்று பார்த்தார்.

"என்னா புள்ள, கைய சுண்ணாம்புச் சட்டிக்குள்ள வச்சிருக்க? அது வெந்துல்ல போகும். எலும்பு மூச்சு விட வேணாமா?"

"எலும்பு மூச்சு விடுமாங்ணா?" என்றாள் ருக்மணி.

"நீ விடலியா? ஒன் எலும்பு மட்டும் விடாதா?"

எனக்குத் தோன்றியது, டாக்டர் படித்தவர், ஆறு வாரம் என்று சொல்லியிருக்கிறார், இருக்கட்டும் என்று. நெஞ்சுக்குள் முழு வாக்கியமாகவே இருந்தது. வெளியே வந்தது, "தேத்தண்ணி குடிக்கறீங்களாண்ணா?"

மறுநாள் அவர் ஒரு ரம்பத் தகடோடு வந்தார். மாவுக்கட்டை இரண்டு பக்கமும் நீளவாக்கில் அறுத்து, ஆமை ஓடு மாதிரி இரண்டு பாதியாகக் கழற்றி வைத்தார். பிறகு அரைத்த பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, பழைய சேலைக் கிழிசல். என்ன தழை என்று மட்டும் சொல்லவில்லை. சோலைக்காட்டுக்கு என்னைக் கூட்டிப் போவார், ஓர் இடம் வந்ததும் திரும்பி நிற்கச் சொல்வார். நான் அட்டை கடிக்க மரத்தைப் பார்த்து நிற்பேன். அவர் பறித்து, கசக்கி, அடையாளம் தெரியாமல் ஆக்கித்தான் என் கையில் கொடுப்பார். பேர் வெளியே தெரிந்தால் மருந்து கேட்காதாம். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம நான்தான் அவுப்பேன். நடுவுல ஒரு ஈ ஒக்காரக்கூடாது" என்று கட்டளை வேறு.

எல்லாம் சரி. செவ்வாய்க்கிழமையை யாரும் நினைக்கவில்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். செவ்வாய்தோறும் மாவுக்கட்டோடு போய்க் கையைக் காட்டினால்தான் அந்த வாரத்து லீவு சீட்டு எழுதுவார். சீட்டு இல்லாவிட்டால் வேலைக்கு வராதவள் என்று ரிஜிஸ்டரில் ஏறும். பச்சிலைக் கட்டோடு போனால், ஆஸ்பத்திரிக் கட்டை அறுத்தவளுக்கு லீவு எதற்கு என்பார். ராமையாண்ணனிடம் போய், செவ்வாய் மட்டும் அவிழ்க்கலாமா என்று கேட்டால் அந்தாள் ஆறு மாதம் பேசமாட்டார்.

ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். செவ்வாய் காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் ருக்மணியை உட்கார வைத்து, பச்சிலைக் கட்டை மெதுவாக அவிழ்ப்பேன். ஈரத்துணியால் துடைப்பேன். பரண் மேலிருந்து ஆமை ஓட்டை எடுத்து, கையின் மேல் ஒன்று கீழ் ஒன்று வைத்து, வெள்ளைத் துணியால் சுற்றுவேன். டிஸ்பென்சரி போய்த் திரும்பியதும் ஓட்டைக் கழற்றி, மறுபடி பச்சிலை, மறுபடி சிம்பு. ருக்மணி பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். "மெல்லங்க" என்பாள். ஒரு முறை மணிக்கட்டில் கட்டெறும்பு நசுங்கினாற்போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்தோம்.

மூன்றாவது செவ்வாய், கம்பவுண்டர் அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, உள்ள பச்சையா இருக்கு?"

"கொழுந்து கிள்ளற கைங்க சார். கறை எங்கீங்க போகும்?"

"ஒரு மாசமா லீவுல இருக்கற கையில கறையா? மாவுக்கட்டுக்குள்ள புல்லு மொளச்சிருக்குன்னு நெனச்சேன்." என் பக்கம் திரும்பினார். "ஏய்யா, நீ ஏதாச்சும் சொல்லணுமா?"

அவர் குரலில் கோபம் இல்லை. இப்போது நினைத்தால், அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார் என்று தெரிகிறது. சொல்லியிருந்தால் திட்டிவிட்டு, வேறு கட்டுப் போட அனுப்பியிருப்பாரோ என்னவோ. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் சீட்டை எழுதி நீட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை ராமையாண்ணன் கட்டை உருட்டிப் பார்த்தார். "இது என் முடிச்சு இல்லியே?"

"குளிக்கறப்ப நெகுந்துருச்சுங்ணா" என்றாள் ருக்மணி.

"கை நெகுந்துச்சின்னா எங்கிட்ட வராத." சொல்லிவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் தேத்தண்ணி போட எழுந்துபோனேன். அந்த மழைக்காலத்தில் நான் போட்ட தேத்தண்ணிக்கு அளவே இல்லை.

ஆறு வாரம் முடிந்தது. மேஸ்திரி அவளைச் செடிக்குள் இறக்கி விட்டுப் பார்த்தார். உள்ளங்கை கீழே பார்க்க, இரண்டு விரலால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிக் கூடையில் போட்டாள். பழைய வேகத்தில் பாதிதான். ஆனாலும் கிள்ளினாள். ஒரு மாதத்தில் முக்கால் வேகம் வந்தது. பேர் நின்றது, வீடு நின்றது. எல்லாம் தன் பச்சிலைதான் என்று ராமையாண்ணன் லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வாரம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி தீர்த்தம் கொடுக்க உத்தரணியை நீட்டினார். ருக்மணி வலது கையை நீட்டினாள். கை பாதி திரும்பி நின்றுவிட்டது. உள்ளங்கை மேலே பார்க்கவில்லை. முழங்கையைத் தூக்கினாள், தோளைச் சாய்த்தாள், உடம்பையே ஒரு பக்கம் வளைத்தாள். தீர்த்தம் கட்டைவிரல் வழியாகத் தரையில் வழிந்தது. பூசாரி இரண்டாவது முறை ஊற்றினார். அதுவும் வழிந்தது. இடது கையை நீட்ட முடியுமா சாமி முன்னால்? பின்னால் வரிசை நின்றது. நான் என் கையில் வாங்கி அவள் வாயில் ஊற்றினேன். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான்.

"பத்து நாள் சுண்ணாம்பு தின்ன கைக்கு நான் என்னா செய்யிறது?" என்றார் ராமையாண்ணன். "கட்டினது கட்டினபடி இருந்திருந்தா திரும்பியிருக்கும்" என்றார் கம்பவுண்டர், அதுவும் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல். எல்லோர் மேலும் எனக்கு அத்தனை எரிச்சல். ரகசியம் ரகசியம் என்று மரத்தைப் பார்க்க வைத்தவர் மேல், தெரிந்தும் சீட்டு எழுதிக் கொடுத்தவர் மேல், எலும்பு மூச்சு விடும் என்று நம்பினவள் மேல். இருபத்தைந்து வருஷம் மாற்றி மாற்றி எரிச்சல்பட்டிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள், மாவுக்கட்டு அதன்பாட்டுக்கு இருந்திருந்தால் கூடியிருக்கும். பச்சிலைக் கட்டு அதன்பாட்டுக்கு இருந்திருந்தாலும் ஒருவேளை கூடியிருக்கும். வாராவாரம் இரண்டையும் மாற்றியது என் கை. இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தை சொல்லாதது என் வாய்.

போன வாரம் அந்த டப்பாவோடு வீட்டுக்கு வந்தபோது இதை ருக்மணியிடம் சொன்னேன். இப்போது நாங்கள் கோத்தகிரியில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏனுங்க, அன்னிக்கு ரெண்டு எடத்துலயும் வாயத் தொறக்கல. இப்ப எனக்கு மட்டும் எதுக்குங்க தொறக்கறீங்க?"

நியாயம்தானே. மறுநாள் பஸ் பிடித்து எஸ்டேட்டுக்குப் போனேன். எதற்கென்று கேட்காதீர்கள். ராமையாண்ணன் செத்துப் பல வருஷமாகிறது, தழை எது என்பதும் அவரோடு போய்விட்டது. சோலைக்காட்டில் நான் திரும்பி நின்ற இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். கொழுந்தை மெஷின் வெட்டுகிறது, பத்துப் பெண்கள் நின்ற மலையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். டிஸ்பென்சரி இருந்த மேட்டில் வேலி போட்டு, ஓட்டல்காரர்கள் கண்ணாடி ரூம்கள் கட்டியிருந்தார்கள். கேட்டில் ஒரு வாட்ச்மேன்.

"ஏனுங்க, யாரப் பாக்கோணும்?" என்றார்.

"கம்பவுண்டரை" என்றேன். சத்தமாகவே வந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றார்.