முனியம்மாள் குடியிருக்கும் வீடு

இந்த ஜெர்மன் ஊரில் எல்லோரும் என்னை அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தபால் கொண்டுவருகிற பெண், மருந்துக்கடைக்காரர், பேங்கில் இருப்பவர்கள், எல்லோருக்கும் நான் “ஃப்ராவ் முனியம்மாள்”. ஃப்ராவ் என்றால் திருமதி மாதிரி ஒரு மரியாதைச் சொல். குடும்பப் பெயரோடுதான் அதைச் சேர்ப்பார்கள். முதல் தடவை கேட்டபோது, அம்மாதான் வந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன்.

என் பெயர் மாரீஸ்வரி. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். எங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் திரி சொருகித்தான் அம்மா என்னைப் பிரிண்டிங் படிக்கவைத்தாள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவள் பெயரைச் சொன்னேன். “அப்பா பேரைப் போடுங்கக்கா, பின்னால சிக்கல் வராது” என்றார் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவர். அம்மாவும் பக்கத்தில் நெளிந்தாள். “எம்பேரு எதுக்குத்தா? நாளப்பின்ன ஒனக்குத்தான் சங்கடம்.” நான் மாற்றவில்லை.

இங்கே அச்சக வேலைக்கு வந்த முதல் வருடம் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். போன நவம்பரில்தான் தனியாக ஒரு சின்ன வீடு கிடைத்தது. ஒரே அறை, ஒரு கைப்பிடி அளவு பால்கனி. சாவியைத் திருப்பி உள்ளே போனால் அடுப்பு இல்லை, கழுவுதொட்டி இல்லை, பல்பு இல்லை. கூரையிலிருந்து மூன்று வயர்கள் தொங்கின. இங்கே வீட்டைக் காலிசெய்து போகிறவர்கள் சமையலறையையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். ஒவ்வொன்றாக வாங்கி, படத்தைப் பார்த்துப் பார்த்து நானே முடுக்கினேன். வேலை ஓய்ந்து உட்கார்ந்ததும் தனிமை வந்து அப்பிக்கொண்டது. வெளியே மழை. எந்நேரமும் மழைதான், ஆனால் மண்வாசனை கிடையாது. ஊரில் ஆனைக்குட்டம் ரோட்டில் முதல் மழைக்கு எங்கள் கரிசல் கிளப்பும் வாசனைக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. காலில் அப்பிச் செருப்பைப் பிடுங்குகிற அந்த மண்ணைத் திட்டாமல் நான் பள்ளிக்கூடம் போனதே இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற க்ரூகர், கையில் ஒப்பந்தக் காகிதத்தோடு நின்றார். “இது ஒருவருக்கான வீடு. கீழே பெல்லில் இரண்டு பெண்கள் பெயர் இருக்கிறதே?”

எனக்குப் புரிந்தது. என் பெயரையும் அம்மா பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒட்டியிருந்தேன். இங்கே இரண்டு வரி என்றால் இரண்டு ஆள்.

“முனியம்மாள் என் அம்மா” என்றேன், என் அரைகுறை ஜெர்மனில்.

“அவர் எங்கே?” அவர் கண் குளியலறைக் கதவுக்குப் போனது. வீடு கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். பாஸ்போர்ட்டை எடுத்துக் குடும்பப் பெயரைக் காட்டிவிட்டு, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம். வேலைவிட்டு வந்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த பட்டாசின் வெள்ளிநிற மருந்துப்பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டாள்.

“வாங்கய்யா. சாப்பிட்டீகளா?”

அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “வணக்கம், ஃப்ராவ் முனியம்மாள்” என்று அவர் மொழியில் சொல்லிவிட்டுச் சிரித்தபடி இறங்கிப் போனார்.

“ஏத்தா, அவரு எம்பேரையா சொன்னாரு?”

“அவரு மட்டுமில்லம்மா. இங்கன ஆபீஸ், பேங்கு, அம்புட்டுப் பேரும் ஒம்பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுதாக.”

அம்மா மறுபடியும் விரலிடுக்கைத் தேய்த்தாள். “இங்கன கம்பெனியில ஃபோர்மேன் என்னைய, நான் வேலை பாக்குற ரூம்பு நம்பரை வச்சு, ஆறாம் ரூம்புன்னுதான் கூப்பிடுவாரு. இருபது வருசமா.”

அடுத்த வாரம் அவளே அழைத்தாள். குரலே வேறு. “இன்னிக்கு, ஏ ஆறாம் ரூம்புன்னாரு. நான் திரும்பலையே. எனக்குப் பேரு இருக்கு, எம்பேரைச் சொல்லி எம்மக சீமையில பொழைக்கான்னுட்டேன்.”

“ஐயோ! அவரு என்னம்மா சொன்னாரு?”

“என்னத்தச் சொல்லுவாரு? போயிட்டாரு. சாயந்தரம் லோடு ஏத்தும்போது, முனியம்மா இங்கிட்டு வாங்கன்னாரு. வாங்கன்னாரு, தாயி!”

சமையலறையில் நின்று, கரண்டியோடு, நான் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

வசந்தம் வந்ததும் கடையில் ஒரு மூட்டை தொட்டி மண் வாங்கி, பால்கனியில் வெந்தயம் விதைத்தேன். நாலாம் நாள் முளைத்தது. போனில் அம்மாவுக்குக் காட்டினேன்.

“நம்ம கரிசலாட்டம் கறுப்பாத்தான இருக்கு! கையில ஒட்டுதா?”

பிசைந்து பார்த்தேன். உதிரியாகச் சரிந்தது. “ஒட்டலம்மா.”

“ஒட்டாட்டி என்ன, மொளைச்சிருக்குல்ல” என்றாள். பிறகு, நான் கேட்காமலே, போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து எங்கள் தெருவைக் காட்டினாள். ஒரு கையில் போனும் அதில் விஸ்வநத்தத்து வெயிலும். மறு கை தொட்டி மண்ணுக்குள், குளிர்ந்து. இரண்டில் எந்தக் கையையும் எடுக்க மனம் வராமல் நின்றுகொண்டிருந்தேன்.