ஓர் எழுத்துப் பிசகு

என் மகள் ஜெனிக்கு மூன்று வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. ஏழாம் மாதக் கர்ப்பத்தில் மார்த்தாண்டத்தில் ஸ்கூட்டரிலிருந்து நான் விழுந்ததுதான் காரணம் என்றே நம்பியிருந்தேன்.

மரபணுப் பரிசோதனையின் முடிவைக் கேட்க, கணவரும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் போனோம்.

"டியூபா ஒன் ஏ-ங்கிற மரபணுவோட குறியீட்டில ஒரு எழுத்து மாறியிருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் அது இல்ல. கரு உருவாகும்போதே தானா வந்தது" என்றார் டாக்டர்.

"அப்போ நான் விழுந்தது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"ஏட்டி, கேட்டியா?" என்று கணவர் என் கையைப் பிடித்தார்.

டாக்டர் கணினியில் ஒரு படம் ஓட்டினார். உயிருள்ள செல்லுக்குள் பச்சை நிறத்தில் மிக மெல்லிய குழாய்கள் வளர்ந்தன, உதிர்ந்தன, மறுபடியும் வளர்ந்தன. அந்த மரபணு தரும் புரதம்தான் இவற்றைக் கட்டுகிறதாம். கருவில் மூளைச் செல்கள் இவற்றின் துணையோடுதான் தங்கள் இடத்துக்கு நகர்ந்து போகுமாம். ஜெனிக்கு அது சரியாக நடக்காததால்தான் கழுத்து நிற்கவில்லையாம்.

"இப்பவும் பிள்ளைக்குள்ள இந்தக் குழாய் வளருறது நடக்கா சார்?" என்று கணவர் கேட்டார்.

"இந்த நிமிஷமும் நடக்குது."

மடியில் கிடந்த ஜெனி அந்தப் பச்சையைப் பார்த்துச் சிரித்தாள். ஓர் எழுத்து பிசகியதற்கே இவ்வளவு என்றால், அந்தச் சிரிப்புக்கு எத்தனை கோடி எழுத்துகள் சரியாக அமைந்திருக்க வேண்டும்! இப்போதெல்லாம் அவள் சிரித்தால், கைவேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கிறேன்.