சூடு தெரியாத கையால் செய்த பீரங்கிகள்

கருகல் நாற்றம் வந்தபோது அடுப்பில் ஏதோ தீய்கிறது என்றுதான் நினைத்தேன். என் மனைவி பூங்காவனம் உள்ளிருந்து ஓடிவந்து என் வலது கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"இன்னாயா இது, கை வேவுது. உனக்குத் தெரில?"

தெரியவில்லை. உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழே, ஈயம் பற்றவைக்கும் இரும்பின் மேல் கிடந்திருந்தது. தோல் வெந்து வெளுத்துவிட்டது. வலியே இல்லை.

கடற்படையில் பீரங்கிகளைப் பழுதுபார்த்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் கடம்பத்தூருக்குத் திரும்பியிருந்தேன். திருவள்ளூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. மாலை வேளைகளில், நான் இருந்த கப்பலை முழங்கை நீளத்துக்கு மரத்தில் செய்தேன். மேல்தளத்து விமான எதிர்ப்புப் பீரங்கிகள்தான் பாக்கி. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. குழலுக்குத் தையல் ஊசி, கேடயத்துக்குப் பால் டின் தகடு, சுடுபவன் தோள் கொடுக்கும் வளைவுக்குச் செம்புக் கம்பி. எல்லாம் நானே வெட்டி, அரத்தால் ராவியவை.

மருத்துவர் என் கண்களை மூடச் சொல்லிப் பஞ்சு இழையால் தொட்டார். முன்கையிலிருந்த வெளிர் தேமலில் அவர் தொட்டது எனக்கு எட்டவேயில்லை. முழங்கையின் பின்னால் நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. தொழுநோய் என்றார். டாப்சோன் (இந்நோய்க் கிருமியை அடக்கும் மாத்திரை) சில ஆண்டுகள் சாப்பிட்டால் குணமாகும். என் வகை நோய் வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றுவது அரிது. ஆனால் போன உணர்ச்சி திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்.

இதே நோய்ப் பெயரை மருத்துவர் வாயால் கேட்டவர்களுக்குச் சொல்கிறேன்: நோயைவிடப் பெயர் வேகமாகப் பரவும். பட்டறையில் முதலில் என் தண்ணீர்க் குவளை தனியானது. பிறகு வேலை போனது. பூங்காவனத்தின் அண்ணன் அவளை அழைத்துப்போக வந்தார். அவள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். போய்விடு என்று நானே சொன்னேன்.

அவள் என் எதிரில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

"டாக்டர் சொன்னத நானும்தாண்ணா கேட்டுக்கினு இருந்தேன். நீ துன்னுட்டுப் போ. நான் வர்ல."

அவர் சாப்பிடாமல் போனார்.

கடைசி இரண்டு விரல்களும் மடங்கத் தொடங்கின. மருத்துவமனையில் எண்ணெய் தடவி நீட்டும் பயிற்சியும் சிம்பும் (விரலை நிமிர்த்தி வைக்கும் பட்டை) கொடுத்தார்கள். கப்பலைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். பயிற்சி கொடுத்தவர் ஒருநாள் என் கைவேலையைப் பற்றி விசாரித்து, அதை விடவேண்டாம் என்றார்.

"நெருப்பு மட்டும் வேணாம். கை சொல்லும்னு இருக்காதீங்க, கண்ணால பாத்து செய்ங்க."

ஈயத்துக்குப் பதில் பசை வந்தது. அரத்தின் பிடியில் துணி சுற்றினேன். ஒரே மாலையில் முடிந்த பீரங்கி இப்போது வாரக்கணக்கில் இழுத்தது. அரம் நழுவிக் கீழே விழும் சத்தம் கேட்ட பிறகுதான் என் கை காலி என்று தெரியும். வேலை முடிந்ததும் கையைக் கழுவி, விளக்கடியில் விரல்விரலாகக் காயம் தேடுவேன். முன்பெல்லாம் அவசரக்காரன் நான். கப்பலில் எல்லாப் பீரங்கிகளும் ஏறி முடிவதற்குள் மாத்திரையும் நின்றுவிட்டது. நோய் அடங்கிவிட்டது. உணர்ச்சி மட்டும் வரவில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஆலையொன்றில் ஸ்டோர் வேலை கிடைத்து, அங்கேயே குடிவந்தோம். மகள் வெளியே வந்தால் என் வலது கைச் சுண்டுவிரலைத்தான் பிடிப்பாள். அவள் கைக்கு அதுதான் அடங்குகிறது. ரயிலடிக் கூட்டத்தில் அவள் பேசிக்கொண்டே வருவாள். நான் குனிந்து பார்ப்பேன். பிடித்திருக்கிறாள். நாலடி நடந்து மறுபடியும் பார்ப்பேன்.