கொலோனில் ஒரு சிங்கப்பூர் அறிவிப்பாளர்

சிங்கப்பூரில் எங்களைப் படைப்பாளர் என்பார்கள், சென்னையில் தொகுப்பாளர், ஈழத்தமிழரிடையே அறிவிப்பாளர், எந்தப் பேரில் கூப்பிட்டாலும் வேலை ஒன்றுதான், எதிரே ஆளே இல்லாத கமெராவின் கண்ணாடிச் சில்லைப் பார்த்து "எல்லாரும் நலமா?" என்று விசாரித்து, பதில் வந்ததுபோலத் தலையாட்டுவது. மைக்கைப் பிடித்து வயிறு வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமில்லை.

நான் பத்து வருடம்போல சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் குப்பை கொட்டினேன். வெள்ளிக்கிழமை விளையாட்டு நிகழ்ச்சி, இடையிடையே நாடகங்களில் கதாநாயகியின் அண்ணன் வேடம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் என் ஒப்பந்தம் முடிந்தது. அதைப் புதுப்பிக்க யாரும் முன்வரவில்லை. என் நிகழ்ச்சி என்னைவிட இளைய, என்னைவிட நல்ல பல்வரிசை உள்ள ஒருவருக்குப் போனது. அந்தச் சமயத்தில்தான் கொலோனில் ஒரு சிறிய தமிழ்ச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி நடத்திவந்த செல்வம் அண்ணை, கருவிகள் வாங்க சிங்கப்பூர் வந்திருந்தார். தமிழர் கடைவீதியான தேக்காவில் தீபாவளிச் சந்தை மேடையில் நான் பேசியதைப் பார்த்துவிட்டு ஜெர்மனிக்கு வரச்சொன்னார்.

அவர் எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு கைப்பையோடு அகதியாக இறங்கியவர். சொற்களைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார். ஒரு வருட விசா, ஒரு வருட வேலை. அதற்குள் பார்வையாளர்கள் என்னை ஏற்றுக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் திரும்பிப்போய், "என் பையன் ஐரோப்பா டிவியில் இருக்கான்" என்று எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கச் சொல்லிவைத்திருக்கும் அம்மாவின் முகத்தில் விழிக்கவேண்டும். முதல் நாளே செல்வம் அண்ணை தெளிவாகச் சொல்லிவிட்டார்: "உங்களைக் கூப்பிட்டது நான். ஆனா வைச்சிருக்கிறது சனம்."

துள்ளாத கமெரா

சிங்கப்பூரில் நான் மேடைக்கு வருவதற்கு முன்னால் முகத்துக்கு ஒருவர், முடிக்கு ஒருவர், சட்டைக்கு இஸ்திரி போட ஒருவர் என்று ஆட்கள் இருப்பார்கள். கொலோன் நிலையம் ஒரு கம்பளக் கிடங்கின் மாடியில் இருந்தது. ஒளி, ஒலி, கமெரா, கதவு திறப்பது எல்லாம் குகன் அண்ணை ஒருவரே. அவர் காலையில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். ஷிஃப்ட் முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அவர் வந்தால்தான் ஐரோப்பாத் தமிழருக்கு நேரலை.

முதல் நிகழ்ச்சியில் பழக்கதோஷத்தால் "வணக்கம் ஐரோப்பா!" என்று கத்திக்கொண்டு ஓரத்திலிருந்து ஓடிவந்து ஒரு துள்ளுத் துள்ளினேன். பிறகு இந்தப் பக்கம் நடந்தேன், அந்தப் பக்கம் நடந்தேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். சட்டை நனையும்வரை உழைத்தேன். முடிந்ததும் பதிவைப் போட்டுப் பார்த்தால், பாதி நேரம் திரையில் ஒரு பூச்சாடி மட்டும் இருந்தது. என் குரல் பக்கத்து அறையில் யாரோ சண்டைபோடுவதுபோலக் கேட்டது. நான் குகன் அண்ணையைப் பார்த்தேன். அவர் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்கள் துள்ளலாம் தம்பி, இது துள்ளாது. களவு போயிடுமெண்டு மேசையோட சேர்த்துப் பூட்டி வைச்சிருக்கிறன்."

ஒரு சிறிய இடைவேளை

சனிக்கிழமைகளில் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி. பிள்ளையின் படம் திரையில் வரும். வீட்டார் தொலைபேசியில் வந்து வாழ்த்துபவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அப்பா, அம்மா, சுவிஸ் பெரியப்பா குடும்பம், லண்டன் சித்தி, கனடா மாமா, பாரிஸ் அத்தை என்று அது போய்க்கொண்டே இருக்கும். போர் ஒரு குடும்பத்தைப் பல நாடுகளில் பிரித்துப்போட்டிருந்தது. அவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவது அந்தச் சில நிமிடங்களில்தான். இது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சிங்கப்பூரில் கற்றுக்கொடுத்த விதிதான்: அழைப்பு நீண்டால் சிரித்துக்கொண்டே வெட்டு.

முன்ஸ்டரிலிருந்து ஒரு அக்கா மகனுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தார். தன் பக்கத்துச் சொந்தம் முழுவதையும் சொல்லி முடித்து, கணவரின் பக்கத்தைத் தொடங்குவதற்கு மூச்சு வாங்கினார். அந்த மூச்சுக்குள் நான் புகுந்துவிட்டேன். "அருமை, அருமை! இத்தனை பேருடைய வாழ்த்தோடும் ஒரு சிறிய இடைவேளை!" அங்கே டென்மார்க்கில் அவருடைய மாமியார், தன் பேர் வரப்போகிறது என்று அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூட்டிவைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் அந்த அக்கா நிலையத்துக்கு அழைத்தார். நேரம் போதவில்லை, விளம்பரம் காத்திருந்தது என்று நான் நிலைமையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, உங்களுக்கு அது விளம்பரம். எனக்கு அது மாமி."

அழைப்பிதழில் போட்ட நேரம்

தொலைக்காட்சி வேலையோடு மேடை வேலையும் சேர்ந்தே வரும். டோர்ட்முண்டில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவை நடத்தித்தரப் போனேன். அழைப்பிதழில் "பிற்பகல் மூன்று மணிக்குச் சரியாக" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் சிங்கப்பூர்க்காரன், அதை நம்பினேன். மூன்று மணிக்கு அங்கே நானும், வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகளும், மண்டபத்தைத் திறந்துவிட்ட ஜெர்மன்காரரும் இருந்தோம். ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டால், "இந்தா, வெளிக்கிட்டிட்டம்" என்றார். புறப்பட்டுவிட்டார்களாம், ஆனால் பின்னணியில் குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

சும்மா நிற்பானேன் என்று வரவேற்புரையை ஒத்திகை பார்த்தேன். ஜெர்மன்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார், முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார். குடும்பங்கள் வந்து சேர்ந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. விழா முடிந்து புறப்படும்போது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி ஜெர்மனில் சொன்னதைத் துஷாந்தி மொழிபெயர்த்தாள். துஷாந்தி என்னோடு நிகழ்ச்சி நடத்தும் பெண், ஜெர்மனியிலேயே வளர்ந்தவள். அவர் சொன்னது இதுதான்: "பல வருஷமாகத் தமிழர்களுக்கு இந்த மண்டபத்தைத் திறந்துவிடுகிறேன். சொன்ன நேரத்துக்கு வந்த முதல் தமிழர் நீங்கள்தான். உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா?"

தாயைக் கொண்டுபோய் விட்டவன்

நான் நடிகனும் அல்லவா? நிலையம் ஒரு தொடர்நாடகம் எடுத்தது. அதில் நான் பெற்ற தாயை ஆல்டன்ஹைமில், அதாவது முதியோர் இல்லத்தில், கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரும் மகன். கதாநாயகியின் அண்ணனாகவே காலம் தள்ளியவனுக்கு ஒரு கெட்டவன் வேடம் கிடைத்தால் விடுவானா? தாய் கதறக் கதறக் காரை எடுத்துக்கொண்டு போகும் காட்சியை உயிரைக் கொடுத்து நடித்தேன்.

அந்த வாரம் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர் என்னை உற்றுப் பார்த்தபடி வந்தார். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். சிங்கப்பூரில் ஒருமுறை, நாடகத்தில் தங்கையின் காதலுக்குக் குறுக்கே நின்றதற்கே, ஈரச்சந்தையில் மீன்காரம்மா என்னை விரட்டிய அனுபவம் உண்டு. இவரோ இரண்டு பக்கமும் பார்த்து, என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, குரலைத் தாழ்த்தினார்: "அந்த ஆல்டன்ஹைம் எங்க தம்பி இருக்கு? தனி அறையோ தருவினம்? எனக்கும் அங்க போய்ப் பாக்க ஒரு டெர்மின் எடுத்துத் தாங்கோ, மருமகளோட இனி ஏலாது. மகனிட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

என் தமிழும் அவர்கள் தமிழும்

வருடத்தில் பாதி போய்விட்டது. செல்வம் அண்ணையிடம் வரும் புகாரில் பெரும்பங்கு என் பேச்சைப் பற்றித்தான். "என்ன, இந்தியாக்காரர் மாதிரிக் கதைக்கிறார்?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். மியூனிக்கிலிருந்து அழைத்த சென்னை என்ஜினியர் தம்பி ஒருவரோ, "பாஸ், நீங்க சிலோனா? ஆக்ஸன்ட் கொஞ்சம் டிஃபரண்டா இருக்கே" என்றார். இரண்டு வீட்டுக்கும் நான் விருந்தாளி. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. சரி, யாழ்ப்பாணத் தமிழையே பேசிவிடுவோம் என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் பயிற்சி எடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை முழுக்க வாறன், போறன், ஓம், ஏலாது என்று பொளந்துகட்டினேன். எனக்கு ஒரே பெருமை. நிகழ்ச்சி முடிந்ததும் துஷாந்தி மைக்கைக் கழற்றினாள். வங்கியில் ஆஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, படித்துக்கொண்டிருந்தவள். வாடிக்கையாளரிடம் கெட்ட செய்தி சொல்லுகிற பதவிசு அப்போதே அவளுக்கு வந்திருந்தது. "அண்ணா, நீங்கள் எங்களை மாதிரிக் கதைச்சா எங்களை நடிச்சுக் காட்டுற மாதிரிக் கிடக்கு. உங்கட தமிழையே கதையுங்கோ. எங்கட அம்மா இந்த வயசில டொய்ச் பாஷையே பழகீட்டா, உங்கட தமிழைப் பழக மாட்டாவே?"

சிரிக்காத முகம்

கடைசி மாதம். ஒப்பந்தத்தைப் பற்றிச் செல்வம் அண்ணை வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். அம்மாவுக்குப் போன் செய்வதையே குறைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஹனோவரிலிருந்து ஒரு பெண் நிலையத்துக்கு அழைத்தார். தகப்பனார் இறந்துவிட்டார், மரண அறிவித்தல் போடவேண்டும், அதைச் சிங்கப்பூர்த் தம்பிதான் வாசிக்கவேண்டும் என்று அம்மா சொல்கிறார் என்றார்.

மரண அறிவித்தல் வாசிப்பது அங்கே லேசான காரியமில்லை. அதற்கென்று செய்தி வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார், நல்ல கனமான குரல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ஹனோவரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, யாருடைய அன்பு மகன், யாருடைய பாசமிகு கணவர், யாருடைய மாமனார், எந்தெந்த நாட்டில் இருப்பவர்களுக்கு மைத்துனர் என்று ஒருவர் விடாமல் வரும். வேறு நாடுகளில் இருக்கிற, வர முடியாத சொந்தங்களுக்கு அதுதான் இழவு வீடு. செல்வம் அண்ணைக்குத் தயக்கம். கலியாணப் பந்தலில் நிற்கிற ஆளை இழவு வீட்டுக்கு அனுப்புவதா என்று யோசித்தார். பிறகு, "ஒரு பேர் பிழையாப் போனா என்னால ஒண்டும் செய்யேலாது" என்று சொல்லி என்னிடம் விட்டுவிட்டார்.

ஊர்ப்பேர்களையும் ஆட்பேர்களையும் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேன். என் முகத்தைத்தான் நம்ப முடியவில்லை. கமெராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் எனக்குச் சிரிப்பு தானாக வந்துவிடும். பத்து வருடப் பழக்கம், காய்ச்சலில் கிடந்தாலும் வரும். உங்களுக்கும் வரும், எனக்குத் தெரியும். ஒத்திகையிலும் வந்தது. குகன் அண்ணையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து அந்த விளக்கின்மேல் ஒட்டினார். "நான் கையைக் காட்டுறன், வாசியுங்கோ" என்றார்.

வாசித்தேன். நிதானமாக, ஒரு பேரையும் விழுங்காமல் வாசித்தேன். பேரப்பிள்ளைகளின் பேருக்கு வந்தபோது ஒவ்வொரு பேரையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். அந்த மனிதரை நான் பார்த்ததேயில்லை, ஆனாலும் எங்கள் வீட்டில் யாரோ போனதுபோல இருந்தது. முடித்துவிட்டு அலுவலக அறைக்கு வந்தால் தொலைபேசி அடித்தது. இறந்தவருடைய மனைவி. செல்வம் அண்ணை ஸ்பீக்கரைப் போட்டார். "இவர் சனிக்கிழமையெண்டா எங்கயும் போக மாட்டார் தம்பி. உங்களைப் பாக்கிறதும் ஏசுறதுந்தான் வேலை. 'இவன் என்னத்துக்கு எந்த நேரமும் பல்லைக் காட்டுறான்' எண்டு ஏசுவார். இண்டைக்கு நீங்கள் சிரிக்கேல்லை. இருந்து பாத்திருந்தாரெண்டா, 'பெடியன் வேலை பழகீட்டான்' எண்டு சொல்லியிருப்பார்."

"சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னேன், என் தமிழில். செல்வம் அண்ணை தொலைபேசியை வைத்தார். பிறகு, அந்த வருடத்திலேயே அவர் பேசிய நீளமான பேச்சைப் பேசினார்: "எங்கட சனம் கலியாணத்துக்கு ஆரையும் கூப்பிடும் தம்பி. செத்தவீட்டுக்குத் தங்கட ஆக்களைத்தான் தேடும். நாளைக்குப் பாஸ்போட்டைக் கொண்டுவாங்கோ, விசாவை நீட்டச் சொல்லி அன்ட்ராக் எழுதிப் போடுவம்."

ஆக, பத்து வருடம் ஊரையே சிரிக்கவைத்தும் சிங்கப்பூரில் நிலைக்காத என் வேலை, ஒரே ஒரு நாள் சிரிக்காமல் இருந்ததில் ஜெர்மனியில் நிலைத்துவிட்டது.