முன்மொழிபவர் கையெழுத்து

துபாயில் இரண்டு வருடம் ஒரு தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். பெரிய பதவி என்று அப்போது ஒரு நினைப்பு. இன்று அதைச் சொல்லவே கூசுகிறது.

எங்கள் விதிமுறைகள் லண்டனிலிருந்து வந்தவை. சங்கத்தைத் தொடங்கியவர் அங்கே பல வருடம் வேலை பார்த்தவர். தான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தின் விதிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து எங்களுக்கும் மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்த ஊரில் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு சங்கம், ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு சங்கம், நாய் வளர்ப்பவர்களுக்குக்கூட ஒன்று உண்டாம். உறுப்பினர் என்றால் போதும், யாரும் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், அது மந்திரி காது வரைக்கும் போகும் என்பார். நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். புதிதாகச் சேர்பவரை ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இன்ஜினியர் ஆடிட்டரை முன்மொழிவார், ஆடிட்டர் பக்கத்து ஃப்ளாட்டுக்காரரை முன்மொழிவார். சங்கம் அப்படித்தான் வளர்ந்தது.

அல் கூஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து ஒருவர் வருவார். அரியலூர் பக்கம், சாரம் கட்டும் வேலை, என் வயதுதான் இருக்கும். எங்கள் பொங்கல் விழா சனிக்கிழமை மாலையில் நடக்கும். கேம்பில் அன்றைக்கு எல்லோருக்கும் டூட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் ரூம் ஆட்களோடு வந்து மேடையைப் பிரித்து, நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுப் போவார். அவர்கள் பார்த்த பொங்கல் விழா அவ்வளவுதான். மீந்துபோன சர்க்கரைப் பொங்கலை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு, நாங்கள் பெரிய தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்வோம்.

ஒரு வருடம் அப்படி வந்தபோது, நிரப்பிய உறுப்பினர் படிவம் ஒன்றை என்னிடம் நீட்டினார். ‘குடும்ப உறுப்பினர்கள்’ என்ற கட்டத்தில் ஏழு ஆண்களின் பெயர்கள். ‘உறவு’ என்ற இடத்தில் ஏழு பேருக்கு நேராகவும் ‘ஒரே ரூம்’ என்று எழுதியிருந்தார்.

“மெம்பர் ஆனா கூட்டத்துல பேசலாமாம்ல சார்? பொங்கல ஞாயித்துக்கெழம வைங்கன்னு கேக்கணும். கேம்ப்ல நெறைய பேரு வருவாங்க. நீங்க முன்மொழிஞ்சு ஒரு சைன் போட்டீங்கன்னா போதும்.”

நியாயமான கேள்விதான். ஆனால் நான் பயந்தேன். இவரைச் சேர்த்தால் கேம்பே வந்துவிடும், கமிட்டியில் என்னைக் குடைந்தெடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது.

“செகரட்டரி யாரையும் முன்மொழியக் கூடாதுங்க. ரூல்ஸ் அப்படி.”

அப்படி ஒரு விதியே கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ரூல்ஸுன்னா நீங்க என்ன சார் பண்ணுவீங்க” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் படிவத்தை என்னிடமே விட்டுப் போனார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அந்த ‘ஒரே ரூம்’ கட்டத்தை நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் நான்.

அடுத்த பொங்கலுக்கும் வந்து மேடையைப் பிரித்துவிட்டுப் போனார். படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பின் என் பதவிக்காலம் முடிந்து புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தோம். கூட்டம் முடிந்து வெளியே வந்தால், தேய்த்த சட்டையோடு வாசலில் நிற்கிறார்.

“இன்னையோட நீங்க செகரட்டரி இல்லல்ல சார்?”

“ஆமாங்க.”

“அப்ப இப்ப சைன் போடலாம்ல?”

என் பொய்யை நம்பி ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறார். அவர் நீட்டிய புதுப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் வேறு யாரோ ஒருவருடைய போட்டோ ஒட்டியிருந்தது.

“நான் அடுத்த மாசம் விசா கேன்சல் பண்ணிட்டு ஊருக்கே போறேன் சார். இது எங்க ரூம்ல கீழ் பெட்டுக்காரருக்கு. அவரு நல்லா பேசுவாரு.”

குடும்பத்துக்கான கட்டத்தில் இந்த முறை ஒரு கோடு மட்டும் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“போன தடவ எழுதுனதப் பாத்துக் கமிட்டில சிரிச்சாங்களாம் சார். அதான் எழுதல. ரூம்ல பசங்க ஒங்களையும் சேத்துத் திட்டுனானுங்க. அவரு அப்படிச் சிரிக்கிற ஆளு இல்லடான்னு நாந்தான் அடக்குனேன்.”

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வழிமொழிய நானே ஆள் பிடித்துத் தருகிறேன் என்றேன். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

கீழ் பெட்டுக்காரர் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்டார். பொங்கலை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அந்த விழாவுக்கு கேம்பிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர் அதற்குள் அரியலூருக்குப் போய்விட்டிருந்தார்.